சிங்கி இறாலுக்கு ஒரு பாடை

பிலின்னா சிப்னோஸ் தீவில் பிறந்தவள். வாக்கப்பட்டு வந்தது பக்கத்துத் தீவான செரிபோஸுக்கு. காற்று ஒத்துழைத்தால் இரண்டுக்கும் நடுவே அரைப்பகல் படகு ஓட்டம்தான். ஆனால் வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் அவள் 'எங்க ஊர்' என்றால் அது சிப்னோஸ், 'உங்க ஊர்' என்றால் இது. புருஷனோடு சண்டை போடும்போது மட்டுமில்லை, கிணற்றடியில் சாதாரணமாகப் பேசும்போதும் அப்படித்தான்.

இந்த ஊரின்மேல் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் வந்த முதல் வாரமே போய்விட்டது. மழை பெய்து குட்டைகள் நிரம்பியிருந்தன. கரை முழுக்கத் தவளைகள். ஒன்றுகூடக் கத்தவில்லை. ஏன் என்று புதுப் புருஷன் மிக்கோனிடம் கேட்டாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பெர்சியூஸ் மெடூசா தலையை வெட்டிட்டு வந்தாருல்ல, அப்ப ரொம்ப அலுப்பு. இந்தக் குட்டை ஓரமாத்தான் படுத்தாரு. தவளைங்க தூங்க விடல. தன் அப்பா ஸியூஸ்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரு. அன்னிக்கு மூடின வாய்தான்."

"ஒருநாள் தூக்கம் கெட்டதுக்கா இத்தனை தலைமுறைக்கு வாயைக் கட்டிப்போட்டாரு?"

"வீரன்னா சும்மாவா?"

"கடவுளை அப்பாவா வெச்சிருந்தா நான்கூட வீரந்தான். உங்கம்மா விடற குறட்டைக்கு நான் யார்கிட்டய்யா போய்ச் சொல்ல?"

மிக்கோன் சிரித்துவிட்டான். அவனிடம் இருந்த நல்ல குணம் அது ஒன்றுதான் என்று பிலின்னா பிற்பாடு சொல்வாள். மற்றபடி அவனும் செரிபோஸ்காரன்தான். பெர்சியூஸ் பேரைக் கேட்டால் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்து நிற்கிற ரகம்.

அந்தப் பெர்சியூஸின் கதையை ஊரார் சொல்ல ஆரம்பித்தால் ஒரு பானை மது காலியாகிவிடும். பிலின்னா அதை வலை பின்னுகிற நேரத்தில் நாலைந்து வாக்கியத்தில் முடித்துவிடுவாள். பேரன் கையால் சாவு என்று குறி சொன்னதைக் கேட்டுப் பயந்த ஆர்கோஸ் ராஜா, மகள் டானாயியையும் அவள் கைக்குழந்தையையும் பெட்டியில் போட்டுக் கடலில் விட்டான். பெட்டி இங்கே ஒதுங்கியது. டிக்டிஸ் என்கிற மீன்காரன் வலைபோட்டு இழுத்து, தாயையும் பிள்ளையையும் சோறுபோட்டு வளர்த்தான். பிள்ளை வளர்ந்ததும் இந்தத் தீவின் ராஜாவுக்குத் தாயின்மேல் கண் விழுந்தது. பாம்பே தலைமுடியாக இருக்கிற, பார்த்தவரைக் கல்லாக்குகிற மெடூசாவின் தலையைக் கொண்டுவா என்று பையனைக் கிளப்பிவிட்டான்.

"அதுக்கு மேலதான் வீரம்" என்பாள் பிலின்னா. "பறக்கிற செருப்பு இரவல். ஆளை மறைக்கிற தொப்பி இரவல். கத்தியும் இரவல். இவரு பண்ணினது ஒண்ணே ஒண்ணு, அவ தூங்கறப்ப கழுத்தை அறுத்தாரு. அந்தத் தலையைக் கொண்டாந்து விருந்துல காட்டி, ராஜாவையும் சாப்பிட வந்தவங்களையும் கல்லாக்கினாரு. அப்புறம் அம்மாவைக் கூட்டிட்டு ஆர்கோஸ் போயிட்டாரு. வளத்தவனுக்கு ராஜா நாற்காலி, ஊருக்குப் பாறை. ஒருதடவை வந்து எட்டிப் பாத்தாரா?"

துறைக்கு மேலே மேட்டில் அந்தப் பாறைகள் இன்றும் நிற்கின்றன. அவை அன்று விருந்துக்கு வந்தவர்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இன்ன பாறை எங்கள் வீட்டு மூத்தவர் என்று சொந்தம் கொண்டாடுகிற குடும்பங்கள் உண்டு. "எங்க ஊர்ல தோண்டினா வெள்ளி வரும், உங்க ஊர்ல தோண்டினா சம்பந்தி வருவாரு" என்று பிலின்னா சொன்னது கப்பல்காரர்கள் வாயில் ஏறி, பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. செரிபோஸில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

தங்கள் முன்னோரைக் கல்லாக்கிவிட்டுப் போனவனைக் கும்பிடுகிறார்களே, அதுகூடப் போகட்டும். அவன் சின்ன வயதில் கரையில் சிங்கி இறாலோடு விளையாடினானாம். அதனால் செரிபோஸில் யாரும் சிங்கி இறாலைத் தின்னக் கூடாது. உயிரோடு வலையில் வந்தால் மன்னிப்புக் கேட்டுத் திரும்பக் கடலில் விட வேண்டும். செத்து வந்தால் அதோடு தீர்ந்தது அன்றைய பிழைப்பு. கண்டெடுத்தவர் கரையிலுள்ள பெர்சியூஸ் பலிபீடத்தருகே நின்று "விளையாட்டுத் தோழன் போய்விட்டான்" என்று மூன்று தரம் கத்த வேண்டும். ஊரே வேலையைப் போட்டுவிட்டு வரும். பெண்கள் கூந்தலை அவிழ்த்துப்போட்டு ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள் பாடை தூக்குவார்கள், நாலு விரல் அகல முதுகுள்ள ஒரு கடல் பூச்சிக்கு. குழியில் இறக்கியதும் ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி மண் போட்டு, "உன்மேல் எங்களுக்குக் குறையில்லை, எங்கள்மேல் உனக்குக் கோபம் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். பூசாரி முதலில், கண்டெடுத்தவர் கடைசியில்.

இதில் இன்னொரு சட்டமும் உண்டு. செத்த தோழனை முதலில் எதன்மேல் படுக்க வைத்தார்களோ அதோடுதான் புதைக்க வேண்டும். பிரித்து எடுக்கக் கூடாது. மிக்கோனின் தம்பி லாம்பிஸ் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து புது வலை பின்னினான். முதல் நாளே அதில் செத்த சிங்கி இறால் ஒன்று வந்து சேர, அவசரத்தில் வலையோடு கரையில் கிடத்திவிட்டான். "படுத்த படுக்கையோடுதான்" என்று சொல்லிவிட்டார் பூசாரி தெய்னியாஸ். வலை குழிக்குள் போனது. லாம்பிஸ் அன்று குலுங்கிக் குலுங்கி அழுதான். எவ்வளவு பக்தி என்று ஊரே அவனை மெச்சியது.

இவ்வளவும் பிலின்னாவுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்தக் குளிர்காலம் வரும்வரை.

அது பதினோரு வருஷத்துக்கு முந்தி. வடகாற்று இருபத்திரண்டு நாள் நிற்காமல் அடித்தது. ஒரு படகும் இறங்கவில்லை. பார்லி தீர்ந்து, காட்டுக்கீரையை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மகள் கில்லாவுக்கு ஆறு வயது. காய்ச்சலில் படுத்தவள் கீரையை வாயில் வைத்தாலே குமட்டினாள். மிக்கோன் பாறை இடுக்கில் சிப்பி தேடப் போனான். போனவன் மேலாடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, திருடனைப் போல வந்தான். சிங்கி இறால்.

பிலின்னா அதை வாங்கி உலையில் போட்டாள். சதை முழுவதும் குழந்தைக்குப் போயிற்று, வெந்த தண்ணீரும்தான். பிலின்னா இறாலின் காலைச் சப்பினாள். மிக்கோன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், விரலால்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் கில்லா எழுந்து உட்கார்ந்து இன்னும் வேணும் என்றாள்.

இறாலின் ஓட்டைக் கடலில் வீசியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்த மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? கொல்லையில் குழி தோண்டி, ஓட்டை வைத்து, மண் போட்டு, கோபம் வேண்டாம் என்று சொல்லி, தலைமாட்டில் ஒரு கல்லையும் நட்டு வைத்தான். பக்கத்து வீட்டுப் பன்றி ஒன்று மறுநாளே அதைக் கிளறி, ஓட்டைக் கவ்விக்கொண்டு போய் நடுத்தெருவில் போட்டது. திருடியவனே திருட்டுக்கு அடையாளக்கல் வைப்பது செரிபோஸில் மட்டும்தான் நடக்கும்.

தெய்னியாஸ் தீர்ப்புச் சொன்னார். மிக்கோனோடு யாரும் உண்ணக் கூடாது, அவன் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்கக் கூடாது, அவன் படகில் ஏறக் கூடாது. அவன் செத்தால் இந்த ஊர்க் கை எதுவும் அவனைத் தூக்காது. மிக்கோன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, தீர்ப்புச் சொன்னவருக்குக் கும்பிடு வேறு போட்டான்.

"அடிச்சவன் கையைத் தடவிக் குடுக்கறியே, உனக்கு ரோஷமே கிடையாதாய்யா?" என்றாள் பிலின்னா அன்று. "கிளம்பு. எங்க ஊருக்குப் போயிடலாம்."

"பெர்சியூஸ் ஊரைவிட்டுப் போனாருன்னு நானும் போகணுமா?" என்றான்.

அந்தப் பதினோரு வருஷமும் அவன் தனியாகவே கடலுக்குப் போனான். இரண்டு பேர் இழுக்கிற வலையை ஒருவனாக இழுக்க முடியாமல், மீன் பிடிக்கும் பறிக்கூடை வைத்துப் பிழைத்தான். திருவிழா அன்று எல்லோரும் பலிபீடத்தைச் சுற்றி நிற்க, இவன் அதன் மதிலுக்கு வெளியே தேனடையை ஒரு கல்லில் வைத்துவிட்டு நிற்பான். காலில் முள் குத்தினால் பெர்சியூஸ் தண்டித்துவிட்டார் என்று ஊர் சொல்லும். அந்த இறாலைத் தின்ற பெண் கல்லுக்குண்டாக வளர்ந்து சிப்னோஸில் வாக்கப்பட்டு, பிள்ளையும் பெற்றாளே, அதற்கு மட்டும் யாரும் பெர்சியூஸை இழுக்கவில்லை. பிலின்னாவுக்கு ஊரைப் பார்த்தால் வெறுப்பு. மதிலுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்தால் அதைவிட வெறுப்பு.

இந்த வசந்தத்தில் அவனுக்கு இருமல் கண்டது. மூன்று வாரம் படுத்தான். கடைசி இரண்டு நாள் ஒரே பேச்சுத்தான்.

"கரைப் பாதை வழியாக் கொண்டு போகச் சொல்லு. பலிபீடத்தைத் தாண்டி. நம்ம ஆளுங்க தூக்கணும், நம்ம ஆளுங்க மண்ணு போடணும். வேற ஒண்ணும் வேணாம்."

"எந்த ஆளுங்க? பதினோரு வருஷமா உன் முகத்தைப் பாக்காத ஆளுங்களா?"

"செத்தவன் மேல என்ன கோபம் இருக்கப்போவுது? கூப்பிட்டா வருவாங்க." கொஞ்ச நேரம் இருமிவிட்டு, பதினோரு வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டான். "அது ருசி எப்படி இருந்துச்சு?"

"நண்டு மாதிரி. கொஞ்சம் இனிப்பு."

"அப்படியா" என்றான். காலையில் உயிர் இல்லை.

பிலின்னா அவனைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி சுற்றி, தலையில் காட்டுச்செடி வளையம் வைத்தாள். துக்கத்துக்கு வருகிறவர்கள் கை கழுவ வாசலில் தண்ணீர்ப் பானையும் வைத்தாள். பானையில் ஓர் ஈதான் விழுந்தது. கழுதைமேல் போட்டு அவளே கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம். அவளைக் கேட்டால் இந்த ஊர்க்காரர்களின் கை படாமல் போவதே மரியாதை என்றிருப்பாள். ஆனால் அவன் கேட்டது அதில்லை. அவன் கேட்டது அவர்களைத்தான். அது நடக்க வேண்டும், அவளுக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் நடந்தாக வேண்டும்.

தெய்னியாஸ் பலிபீடத்துப் படியில் உட்கார்ந்து உப்பு மத்தியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு போயிட்டாரு பூசாரியாரே. பாடை தூக்க நாலு பேர் வேணும்."

"எனக்கும் வருத்தந்தான்மா."

"வருத்தம் வேணாம். தோள் வேணும்."

"ஊர் கூடி முடிவு பண்ணினது. நான் ஒருத்தன் மாத்த முடியுமா?"

"நீங்க ஒருத்தர் சொல்லித்தானே ஊர் கூடுச்சு."

"அவன் கை வெச்சது மீன் மேல இல்ல, பிலின்னா. விளையாட்டுத் தோழன் மேல."

"அவரு நாக்குல கூட வெக்கல. தின்னது என் புள்ள. காலைச் சப்பினது நான். நான் செத்தா என்னை நாய்க்குப் போடுங்க, ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். அவரைத் தூக்குங்க."

தெய்னியாஸ் விரலிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். "கழுதை இருக்குல்ல? மேட்டுக்குப் பின்னால கொண்டு போ. குழி தோண்டினா யாரும் தடுக்கமாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

தம்பி லாம்பிஸ் வாசலில் படகுத் துடுப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தான்.

"பிடிச்சுக்கிச்சு மதினி. நிமிர முடியல."

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

"உங்க அண்ணன் செத்தது இன்னிக்குக் காலைலதான். உன் இடுப்புக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சு."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பாறைப் பக்கம் போனாள். மூன்று வாரமாகத் தூக்காத மிக்கோனின் பறி ஒன்று அங்கே கயிற்றில் கட்டிக் கிடந்தது. வீட்டில் தின்ன ஒன்றும் இல்லை என்பதுதான் அப்போது அவள் நினைப்பு. இழுத்தாள். உள்ளே நாலு பொடிமீன், ஒரு சிங்கி இறால். உயிரோடிருந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது.

உயிரோடு வந்தால் திரும்ப விட வேண்டும். பிலின்னாவுக்குத் தெரியும், முப்பது வருஷமாகக் கேட்டதுதானே. அதைக் காய்ந்த பாறையில் வெயிலில் வைத்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியிலிருந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகத் தின்றாள். பின்னால் கொஞ்ச நேரம் ஓடு பாறையில் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அவள் மேலும் இரண்டு பழம் தின்றுவிட்டுத்தான் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து, அதை மிக்கோனின் நெஞ்சின்மேல் படுக்க வைத்தாள். அவன் கைகள் இரண்டையும் அதன் இரு பக்கமும் வைத்தாள். பிறகு பலிபீடத்துக்குப் போய், தெய்னியாஸின் காதருகே நின்று மூன்று தரம் கத்தினாள்.

"விளையாட்டுத் தோழன் போய்விட்டான்."

ஊர் வந்தது. செரிபோஸ்காரர்கள் வீட்டில் தீப்பிடித்தால்கூட இவ்வளவு வேகமாக வரமாட்டார்கள். துடுப்பைப் போட்டுவிட்டு, மாவைப் பிசைந்த கையோடு, கூந்தலை அவிழ்த்துக்கொண்டே வந்தார்கள். பெண்கள் வழியிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். பிலின்னா முன்னால் நடந்தாள். பதினோரு வருஷமாக யாரும் மிதிக்காத வாசலைக் கண்டதும் கூட்டம் நின்றது. அழுகையை நடுவில் நிறுத்தினால் ஊருக்கு ஆகாது என்பதால் பெண்கள் அழுதுகொண்டே நின்றார்கள்.

தெய்னியாஸ் மட்டும் உள்ளே போனார். வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது.

"எடு அதை" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நானா? படுத்த படுக்கையோடுதான்னு சொன்னது நீங்க. லாம்பிஸ் வலையைக் கேட்டுப் பாருங்க."

"வலையும் பொணமும் ஒண்ணா?"

"சட்டத்துல அப்படி எதுவும் சொல்லலையே. பிரிக்கணும்னா நீங்களே பிரிங்க. உங்க கை, உங்க பாவம். ஊர் பாத்துட்டிருக்கு."

தெய்னியாஸ் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. புது வலையைப் பறிகொடுத்த லாம்பிஸ் எல்லோரையும்விட உன்னிப்பாகப் பார்த்தான், இன்று மட்டும் சட்டம் மாறுகிறதா என்று.

"நீ இதுக்குப் பதில் சொல்லணும்" என்றார் பூசாரி.

"சொல்றேன். பெர்சியூஸை வரச் சொல்லுங்க. ஊரைவிட்டுப் போனவரு, இன்னும் திரும்பல."

பாடை கட்டினார்கள். தோழனையும் அவன் படுக்கையையும் ஏற்றினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தவன் லாம்பிஸ். இடுப்பு சரியாகிவிட்டிருந்தது. கரைப் பாதை வழியாக, பலிபீடத்தைத் தாண்டி, மிக்கோன் கேட்டபடியே போனது. "அலையில் ஆடினவனே, எங்களை விட்டு எங்கே போனாய்" என்று பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். பன்றி வளர்த்த பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் குரல் எல்லாரையும்விட ஓங்கியிருந்தது. பாட்டு இறாலுக்கு. கண்ணெல்லாம் மிக்கோன் முகத்தில். கொஞ்ச தூரம் போனதும் அவர்கள் நிஜமாகவே அழுகிறார்கள் என்று பிலின்னாவுக்குத் தெரிந்தது. லாம்பிஸ் "அண்ணே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடந்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இவ்வளவு அழுகை உள்ளே வைத்திருந்தவர்கள் அதை வெளியே விட, ஒரு செத்த இறால் வந்து அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

குழியில் இறக்கினார்கள். தெய்னியாஸ் மண்ணை எடுத்தார். சொல்லாமல் தப்பிக்க வழியுண்டா என்று ஒரு கணம் நின்றார். வழியில்லை.

"உன்மேல் எங்களுக்குக் குறையில்லை" என்றார். "எங்கள்மேல் உனக்குக் கோபம் வேண்டாம்."

அடுத்து லாம்பிஸ். அடுத்து பன்றிக்காரி. அவன் நெருப்பை எடுக்காதவர்கள், அவன் படகில் ஏறாதவர்கள், மதிலுக்கு வெளியே அவன் நின்றபோது திரும்பிப் பார்க்காதவர்கள், ஒவ்வொருவராகக் குனிந்து மண் போட்டு அதையே சொன்னார்கள். வெயில் சாயும்வரை சொன்னார்கள். மிக்கோன் கேட்டிருந்தால் வெட்கப்பட்டு, போதும் போதும் என்று கையைக் கூப்பியிருப்பான்.

கண்டெடுத்தவள் கடைசி. பிலின்னா ஒரு கைப்பிடி மண் எடுத்தாள். ஊர் காத்திருந்தது. அவள் குழிக்குள் புருஷனைப் பார்த்தாள்.

"உனக்குக் கோபம் வேணாம்யா" என்றாள். "எனக்கு இருக்கு."

மண்ணைப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி நடந்தாள்.